படலத்தின் தெளிந்த ஓரம்

என் செல்ல ஸ்டெல்லாவுக்கு,

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு இப்போதும் நாம் சேர்ந்து போன அதே பஸ்ஸில்தான் போகிறேன். காலேஜில் வகுப்புகள் கூடிவிட்டன, முழங்கால் வலியும் கூடிவிட்டது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இனியும் சுமக்கத் தெம்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் கிளியனூர் பக்கம் பிளாஸ்டிக் பை தயாரிக்கும் ஒருவர் நம் லேபுக்கு வந்தார். விதைக்கு வைக்கும் மல்லாட்டைக் கடலைக்கு ஈரம் ஏறாத பை செய்யலாம் என்று நாம் இருவரும் எழுதிய கட்டுரையைப் படித்து, அதன்படியே பிளாஸ்டிக்கில் களிமண் தூளைக் கலந்திருக்கிறார். கிழிந்த பை ஒன்றை மேசைமேல் போட்டார்.

"மேடம், நீங்க எழுதினபடிதான் கலந்துக்கினு இருக்கோம். மூட்டைய தூக்கினா பை பொளந்துக்குது. வெதையெல்லாம் ஈரம் பூந்து பூஞ்சை புடிச்சிப் போச்சி. விவசாயிங்க என்னை வந்து கேக்கறாங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

என்ன சொல்ல? எனக்குக் காரணம் தெரியும் ஸ்டெல்லா. அன்றைக்கே தெரியும்.

களிமண்ணை உற்றுப் பார்த்தால் மெல்லிய ஏடுகளின் அடுக்கு என்று மாணவர்களுக்கு நீதான் சொல்வாய். அந்த ஏடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து பிளாஸ்டிக் முழுக்கப் பரவினால் சிட்டிகை களிமண்ணே போதும். பை உறுதியாகும், ஈரமும் நேராக நுழைய முடியாமல் சுற்றிச் சுற்றி அலையும். பிரியாமல் நின்றுவிட்டால், கேப்பைக் களியில் மாவுக்கட்டி மாதிரிதான். இழுத்தால் முதலில் அந்த இடத்தில்தான் விட்டுப்போகும்.

நாம் செய்த மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் கட்டி இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தபோது நடுவெல்லாம் மங்கல், ஒரே ஒரு ஓரம் மட்டும் தெளிவு. மைக்ரோஸ்கோப் படம் எடுக்கச் சென்னைக்கு அனுப்ப வேண்டிய துண்டை வெட்டியது நான். நீ ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "படம் வந்துச்சாக்கா?" என்று தினமும் போனில் கேட்டாய். மறுபடி கலந்து, மறுபடி அனுப்பிக் காத்திருக்க உனக்கு நாளில்லை என்பது டாக்டர் சொல்லாமலே தெரிந்தது. தெளிந்த ஓரத்தை வெட்டி அனுப்பினேன். இழுத்துப் பார்க்கும் சோதனைக்கும் அந்த ஓரத்துத் துண்டுகள்தான்.

படம் அழகாக வந்தது. நீ அதைப் பார்த்துச் சிரித்தாய்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சரி, நீ போன பிறகு மூன்று வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தது யாருடைய சிரிப்புக்காக? பதவி உயர்வு விண்ணப்பத்தில் அந்தக் கட்டுரையை முதலாவதாகக் காட்டியவள் யார்?

வந்தவரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கும் கடிதம் எழுதி வைத்தேன். அதில் உன் பெயரும் இருக்கிறதே, அனுப்புமுன் உன் வீட்டாரிடம் சொல்ல வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் டேவிட் அந்த மைக்ரோஸ்கோப் படத்தைப் பெரிதாக்கி, உன் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். எப்படியோ எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அவளுக்குத் தெரியுங்க்கா. படம் வந்த அன்னிக்கே சொல்லிட்டா. 'நம்ம ஷீட்டு இவ்ளோ நல்லா கலந்திருக்காது. அக்கா எனக்கோசரம் நல்ல எடமா பாத்து வெட்டியிருக்காங்க. நீ ஒண்ணும் கேட்டுக்காத. எனக்கப்பறம் அவங்களே சரி பண்ணிடுவாங்க'ன்னா. நீங்க எப்ப வருவீங்கன்னு நானும் பாத்துக்கினுதான் இருந்தேன்."

அடியே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? திட்டியிருக்கக் கூடாதா? உன்னை ஏமாற்றிவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் உறுத்தியது. நீ என்னை நம்பிவிட்டுப் போனாய் என்பது அதைவிட வலிக்கிறது.

பத்திரிகைக்கான கடிதத்தை அன்று மாலையே அனுப்பிவிட்டேன். தவறு என்னுடையது மட்டும் என்று எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடி கலக்கத் தொடங்கப் போகிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் செய்வேன். நடுவிலும் வெட்டுவேன், மங்கலிலும் வெட்டுவேன், கட்டி இருந்தால் கட்டி என்றே எழுதுவேன். நல்ல படம் ஒன்றுகூட வராமல் நான் ஓய்வு பெற்றாலும் சரி, இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ நம்பிக் காத்திருந்த, மூன்று வருஷம் தாமதமாக வந்து சேர்ந்த உன் அக்கா,
தமிழரசி