உருண்டை வண்டிக்கு வைத்த பெயர்

எல்க்ஹார்ட், இந்தியானா
அக்டோபர் 1958

அன்பு லோரீன்,

நான் சுகம். உன் அம்மாவுக்கு இருமல் குறைந்ததா? இங்கே குளிர் இன்னும் கடுமையாகவில்லை, கவலைப்படாதே.

ஒரு வேடிக்கை கேள். காருக்குப் பின்னால் இழுத்துப்போக எங்கள் பட்டறையில் ஒரு புதுக் குட்டி வண்டி செய்திருக்கிறோம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பார்க்க உருண்டையாக இருக்கும். அதற்குப் பெயர் வைக்க, சாப்பாட்டு வேளையில் முதலாளி ஸ்டட்ஸ்மன் எல்லோரையும் கூப்பிட்டார்.

"பக்கத்துப் பட்டறைக்காரன் வண்டு, குருவின்னு வச்சுட்டான். நமக்கும் ஒண்ணு சொல்லுங்கடா. கேட்டதும் சிரிப்பு வரணும்!"

ஆளாளுக்குக் கத்தினார்கள். என் வாயில் "டேட்டர்" என்று வந்துவிட்டது.

"உருளைக்கிழங்கா! அச்சு அசல் அதேதான்யா!" என்று அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். நம் மகள் பிறந்தபோது நீ அவளை அப்படித்தான் கூப்பிட்டாய் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது ஒவ்வொரு வண்டியின் முதுகிலும் அந்தப் பெயர்த் தகட்டைப் பொருத்துவது என் வேலை. நேற்று ஒன்று வாசலைத் தாண்டியபோது என்னையறியாமல் கையாட்டிவிட்டேன். "யாருக்குடா டாட்டா காட்டுறே, வெர்லின்? உள்ளே ஒருத்தரும் இல்லையே!" என்று பயல்கள் இன்னும் கேலி செய்கிறார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வேலைக்குத் திரும்பச் சங்கு ஊதப்போகிறது. குளிருக்கு நம் மகளுக்குக் காலணி வாங்க வேண்டும். ஒரு தாளின் மேல் அவளை நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. இங்கே டேட்டர் எல்லாம் ஒரே அளவு. நம்முடையவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

உன்
வெர்லின்