அம்மா அதிகாரியிடம் கேட்டது

மே 6, 1990

கல்லூரி ஆட்கள் வந்துவிட்டார்கள்! அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, பந்தல்குடியில் இறங்கி, இந்த வெயிலில் எங்கள் குடிசைகள் வரை நடந்தே. பத்து நாள் சேவை கேம்ப்பாம். அவர்களைக் கூட்டி வந்த ஞானப்பூ டீச்சர் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். எங்கள் வீட்டில்! ஊர்க்காரர்கள் யாரும் இதுவரை குடித்ததில்லை. நான் பிளஸ் டூ எழுதியிருக்கிறேன் என்றதும், "காட்டுநாயக்கர்னு பழங்குடிச் சான்றிதழ் வாங்கிட்டா காலேஜ்ல சேந்துரலாம் முத்துமாரி" என்றார். விசாரிக்க அதிகாரி நேரில் வருவாராம்.

மே 11

சுவரெல்லாம் வெள்ளை. பன்றிப்பட்டியை மாணவர்கள் பிரித்து ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். அப்பாவுக்குப் புதுச்சட்டை. அதிகாரி மெச்ச வேண்டுமாம். எங்கள் இடம்தானா இது? வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மே 14

போச்சு. அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கிச் சுற்றிப் பார்த்தார். "பன்னியக் காணோம். பேசுறதும் தமிழு. இவங்களா காட்டுநாயக்கர்?" அவ்வளவுதான், போய்விட்டார். வெளியாள் வந்தால் நாங்கள் எங்கள் பாஷையை அடக்கிக்கொள்வோம், அது பழக்கம். டீச்சர் எங்கள் முன்னாலேயே அழுதார். "நல்லது செய்யிறோம்னு கெடுத்துட்டோமே." காலேஜ் கிடையாது. அப்போ நான்? நானும் பன்னி மேய்க்கவா?

மே 15

மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பட்டியைத் திரும்பக் கட்டுகிறார்கள். சிரிப்பும் வருது, அழுகையும் வருது.

ஜூன் 11

டீச்சர் நடையாய் நடந்து அதிகாரியை மறுபடி வரவழைத்தார். அவர் பட்டியைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் காட்டுநாயக்கர் மாதிரி இருக்கீங்க" என்றார். அம்மாவுக்கு என்ன வந்ததோ — வெளியாள் முன்னால் வாயே திறக்காத அம்மா, எங்கள் பாஷையில் பிடி பிடி என்று பிடித்துவிட்டாள். குரல் கொஞ்சமும் நடுங்கல. ஆத்தாடி, இவ என் அம்மாவா! அதிகாரி அசையாமல் நின்று கேட்டார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் என்னிடம்.

"சாப்பிட்டீகளானு கேக்குறாக."

"இவ்வளவு நேரமாவா?" என்றார். சிரித்தாரா, தெரியவில்லை. "இந்தப் பேச்சு போதும்" என்று எழுதிக்கொண்டு போனார்.

ஜூலை 16

சான்றிதழ் கிடைத்துவிட்டது. கல்லூரி. ஹாஸ்டல். ஒரே அறையில் இவ்வளவு புத்தகங்களா! சாயங்காலம் ஞானப்பூ டீச்சர் கேட்டார்: "அன்னைக்கு உங்கம்மா நெசமா என்ன சொன்னாக?"

"'சுத்தமா இருந்தா நாங்க நாங்க இல்லையா'னு கேட்டாக, டீச்சர்."

டீச்சர் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "அவுகட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். உங்க பாஷைல எப்படிக் கேக்குறது?" என்றார்.

"எங்க வீட்ல மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டோம். சண்டை தீந்துச்சுன்னா, 'சாப்பிட்டியா'னு கேப்போம்."

அதைச் சொல்லிக்கொடுத்தேன்.

ஜூலை 22

டீச்சரோடு வீட்டுக்குப் போனேன். தப்பும் தவறுமாக எங்கள் பாஷையில் கேட்டுவிட்டார். அம்மா அவரையே பார்த்தாள். பிறகு எங்கள் பாஷையிலேயே, பக்கத்துக் குடிசைக்கெல்லாம் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை நான் எதையும் மாற்றவில்லை.

"'இன்னும் இல்ல. உக்காரு, சேந்து திம்போம்'ங்காக."