நான் கழற்றிய பலகை

அன்புத் தம்பிக்கு,

உன் இருமல் நின்றதா? மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. அக்காவாக விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டேன். இனி வருவதெல்லாம் கோபம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், ஒன்றும் உருப்படாது. அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய "நமது தொலைநோக்கு" பலகையைப் போன மாதம் தொழிற்சாலை வாசலில் மாட்டினோம். கண்ணாடிச் சட்டம், தங்க எழுத்து. ஐம்பத்திரண்டு பேரையும் நிற்க வைத்து நான்தான் உரக்கப் படித்தேன். "இயக்கத் தீர்வுகளில் முதன்மை நிறுவனமாகத் திகழ்வோம். புதிய தயாரிப்புகளில் மட்டுமே முழுக் கவனம் செலுத்துவோம்." எல்லோரும் கை தட்டினார்கள். வெல்டிங் பெண் மட்டும், "இயக்கத் தீர்வுன்னா என்னக்கா? நாம இனிமே சக்கர நாற்காலி செய்ய மாட்டோமா?" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை. போகப் போகப் புரியும் என்று மழுப்பினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இந்தச் செவ்வாய்க்கிழமை புரிந்துவிட்டது. ஒரு தையல்காரம்மா ஆட்டோவில் வந்தார். எட்டு வருடத்துக்கு முன் நம்மிடம் வாங்கிய நாற்காலி. முன்சக்கரம் கழன்று தனியாக மடியில் இருந்தது. நீ அனுப்பிய புது மேனேஜர், இனிமேல் இங்கே பழுது பார்ப்பதில்லை என்று சொல்லி, புது மாடல்களின் படப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்திருக்கிறார். "இத வச்சுக்கிட்டு நான் எப்படிப்பா வீட்டுக்குள்ள போறது?" என்று அந்தம்மா கேட்டாராம்.

நாமெல்லாம் ‘ஸ்பேனர்’ என்று கூப்பிடும் மெக்கானிக் இருக்கிறாரே, பழுதுபார்க்கும் மேசையில் இருபது வருடமாக இருப்பவர், கருவிப் பையோடு கேட்டுக்கு வெளியே போனார். தெருவில், வெயிலில், குத்துக்காலிட்டு உட்கார்ந்து சக்கரத்தை மாட்டிக் கொடுத்தார். திரும்பி வந்தவரிடம் மேனேஜர் பலகையின் இரண்டாவது வரியைக் காட்டி, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். ஸ்பேனர் சண்டை போடவில்லை. "படிச்சேன் சார். அதுல நான் எங்கேயும் இல்லன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் கோஷம் போடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்கள்.

மேனேஜரைத் திட்ட மாட்டேன். எழுதியிருந்ததைச் செய்தார், அவ்வளவுதான். என் கோபமெல்லாம் உன்மேல்தான். யாரோ நாலு பேர் ஓட்டல் அறையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததைப் பார்சல் கட்டி அனுப்பினாய். இந்த ஜனங்கள் முன்னால் வந்து நிற்க ஒரு நாள், ஒரே ஒரு நாள் உனக்குக் கிடைக்கவில்லையா? அவர்கள் என்ன, உன் பலகையை மாட்டும் ஆணிகளா?

போன வருடம் ரயிலில் என்னிடம் என்ன சொன்னாய்? ஒற்றைக் கையால் மடித்து, ஆட்டோவுக்குள் உட்கார்ந்தபடியே ஒருவர் தானே இழுத்து வைத்துக்கொள்ளக்கூடிய நாற்காலி ஒன்று செய்ய வேண்டும் என்றாய். "கொஞ்சம் பிடிங்கன்னு யாரும் யாரையும் கெஞ்சக் கூடாதுக்கா" என்றாய். அதில் ஒரு சொல்லாவது அந்தக் கண்ணாடிக்குள் இருக்கிறதா? அப்படி ஒன்றைச் செய்வதென்றால், பழையது எங்கே தேய்கிறது, எங்கே முறிகிறது என்று தெரிந்த ஆள் வேண்டாமா? அந்த ஆளைத்தானே தெருவில் விட்டோம்!

நான் செய்ததையும் கேள். ஸ்டூல் போட்டு ஏறி, பலகையை என் கையாலேயே கழற்றினேன். ஸ்பேனர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். புதன்கிழமை அவரும் வந்தார், மற்றவர்களும் வந்தார்கள். பழுதுபார்க்கும் மேசை மறுபடி நடக்கிறது. நான் உன்னை அவமானப்படுத்திவிட்டதாக மேனேஜர் எழுதுவார். உண்மைதான், நம்பு.

ஆனால் அவர்கள் இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. தலையைக் குனிந்து வேலை செய்கிறார்கள், மணி அடித்ததும் போய்விடுகிறார்கள். இதை என்னால் சரிசெய்ய முடியாது. நீதான் முதலாளி.

வரும் வெள்ளிக்கிழமை காலை எல்லோரையும் கூடச் சொல்லியிருக்கிறேன். திரையில் வராதே, ஆளாக வா. எழுதி வைத்துப் படிக்காதே. திட்டுவார்கள், நின்று கேட்டுக்கொள். உனக்காக நான் இனி ஒரு வரிகூடப் படிக்க மாட்டேன்.

நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். நீ சொல்வதைக் கேட்க இன்னும் ஐம்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே வந்துவிடப்பா.

கோபம் தீராத,
உன் அக்கா