ஸரீனாவின் மேல்வாய்

1955 அக்டோபர் 11, மாத்தளை
ஸரீனா பிறந்து இரண்டு வாரம். மேலுதடு பிளந்திருக்கிறது, உள்ளே அண்ணமும் திறந்தே கிடக்கிறது. உறிஞ்ச முடியாததால் மடியில் நிமிர்த்தி வைத்துக் கரண்டியால் பால் ஊட்டுகிறேன். பாதி மூக்கு வழியே என் சட்டைக்கு வந்துவிடுகிறது. பசித்தால் கத்துவதில் மட்டும் ஒரு குறையும் இல்லை!

அக்டோபர் 14
நூருன்னிஸா மதினி வந்தார். "கிரகணம் பிடிச்ச நாள் வயித்துப் பிள்ளையோட நீ பலாக்காய் வெட்டினாய் தானே? வெட்டாதே எண்டு நான் அப்பவே செல்லினேன்."
வெட்டினேன்தான். அப்படியென்றால் நானா? என் கையாலா?

அக்டோபர் 19
டாக்டர் நடராஜாவிடம் அழுதுகொண்டே கேட்டுவிட்டேன்.
"கிரகணம் ஜூன்ல. அப்ப உமக்கு எத்தனை மாதம்?"
"ஆறு."
"மூன்றாம் மாதம் முடியமுன்னமே முகம் உருவாகி முடிஞ்சுது, பிள்ளை."
இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக் காட்டினார். மேல்வாய் முதலில் இப்படித்தான், நாக்கின் இரு பக்கமும் இரண்டு தகடாகத் தொங்குமாம். நாக்கு கீழே இறங்கியதும் அவை எழும்பிப் படுத்து, நடுவில் ஒட்டிக்கொள்ளுமாம். உதடு அதற்கும் முன்பே சேர்ந்துவிடுமாம். ஸரீனாவுக்குச் சேராமல் நின்றுவிட்டது. யாருடைய குற்றமும் இல்லை. தைக்கலாம்!
"நாக்கால மேல்வாயைத் தடவிப் பாரும். நடுவில ஒரு கோடு இருக்கு. நாங்கள் எல்லாரும் ஒட்டினதுதான்."
இருக்கிறது!
வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் தடவிப் பார்த்தார். மதினி நம்பவில்லை, ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகும் அவர் கன்னம் அசைந்துகொண்டே இருந்தது.

நவம்பர் 17
ஸரீனா சிரித்தாள். அகலமான சிரிப்பு. இவர் கடை திறக்கவே மறந்துவிட்டார்.

1956 பெப்ரவரி 3
கண்டி ஆஸ்பத்திரியில் உதட்டைத் தைத்துவிட்டார்கள். அழகாக இருக்கிறாள். ஆனாலும் அந்தப் பழைய சிரிப்பை மனம் தேடுகிறது. இதைப் போய் யாரிடம் சொல்ல?

1957 பெப்ரவரி 20
அண்ணமும் தைத்தாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். இதுவரை காற்றெல்லாம் மூக்கால் போய், 'ப' வராமல், தகப்பனான இவரை "வாப்பா" என்பதற்குப் பதில் "வாம்மா" என்றுதான் கூப்பிட்டாள். பொறுமையாகப் பேசப் பழக்கச் சொன்னார்கள்.

1958 ஜனவரி 26
முற்றத்தில் பழம் விழுந்த நேரத்திலிருந்து "பப்பாளி, வாப்பா, பப்பாளி!" என்று ஒரே கூச்சல். இவர் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டார். எனக்கும் பொறுக்கவில்லை. "வாய மூடு, மகள்!" என்று அதட்டினேன்.
அதட்டிய பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.
அவள் மூடவில்லை.