வலது காதுக்கு மூன்றாவது ஊசி

மூத்தவளின் அப்பாவுக்கு,

நேரில் சொன்னால் காது கேட்கவில்லை என்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

திடீரென்று அடைத்துப்போன உங்கள் வலது காதுக்குள் இன்று மூன்றாவது ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மருந்து உள்ளே நிற்க வேண்டும், பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது என்று டாக்டர் உங்களை இடப்பக்கமாகப் படுக்க வைத்தார். நல்ல காது தலையணையில் அமுங்கிக் கிடந்தது. கண்ணை மூடியிருந்தீர்கள். "ரொம்ப வலிக்கா?" என்று இரண்டு தடவை கேட்டேன். முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

பிறகு நம் மில்லர்புரம் கடையில் பில் போடும் அனுசியா வந்தாள். "அண்ணாச்சி, ஹார்பர் சரக்கு வந்துட்டு. கடைய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள், மெதுவாகத்தான். நீங்கள் கண்ணைத் திறக்காமலே சிரித்தீர்கள்.

அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறாள். அதில் நான் குறை சொல்ல முடியாது.

செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டது நான். அடைத்த காது திரும்பி வந்ததும் முதலில் பிடித்தது அவள் குரலை.

அந்தக் காது கேட்டதை டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த ஊசிக்கு அவள் வர வேண்டாம். நீங்கள் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது அந்தக் காதுக்குப் பக்கத்தில் நான் கூப்பிடுவேன். ஒரு தடவை சிரித்துவிடுங்கள். குணமாகிவிட்டது என்று டாக்டரிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கேட்காத பக்கத்தில் படுப்பவள்