டீச்சரோடு கேட்ட ஆல்பம்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா?

நம் பாடகரின் புது ஆல்பத்தை மாடிவீட்டு டீச்சரோடு கேட்டாயாம். ஐந்தாவது பாட்டில் இருவரும் அழுதீர்களாம். எந்த ஆல்பம் வந்தாலும் முதல் தடவை ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டி நாம்தானே கேட்போம்? கல்யாணமான நாளிலிருந்து அதுதானே வழக்கம்?

நானும் இங்கே வேலை பார்க்கும் சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டேன். படு ஏமாற்றம். அவருடைய முதல் ஆல்பத்தின் கால்தூசு பெறாது. முதல் பாட்டு வளவள. மூன்றாவதில் டிரம்ஸைப் போட்டுக் குரலையே அமுக்கிவிட்டார்கள். டீச்சருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? பெரிய ஸ்பீக்கர் இருந்தால் போதுமா?

என் புலம்பலைக் கேட்டு மேஸ்திரி சிரித்தார். "பொண்டாட்டி பாட்டு கேட்டதுக்கெல்லாமாப்பா பொறாமைப்படுவ?"

"பொறாமையா? எனக்கா?" என்றபடி ஐந்தாவது பாட்டைத் தாண்டி வைக்கப் போனேன். இஸ்திரிப் பெட்டி மணிக்கட்டில் பட்டுவிட்டது. சின்னக் கொப்புளம்தான், பயப்படாதே.

உன் பழைய இயர்போனைத் தேடி எடுத்து வை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன்; அதற்குள் இது கிடைத்துவிடும். அந்த ஒரு பாட்டை நான் இன்னும் கேட்கவில்லை. உன்னோடு கேட்கத்தான் வைத்திருக்கிறேன். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

கதவைச் சாத்திக்கொள். டீச்சர் வேண்டாம்.

உன்னவன்