நீ திருகி வைத்த வளையம்

மழைக்காலம் வந்தால் இந்த வாட்சின் ரப்பர் பட்டை நாறும். மூன்று பட்டை மாற்றியாயிற்று, நாற்றம் மட்டும் மாறவில்லை. இன்று காலையும் மூக்கில் ஏறியது. நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது.

கொழும்புத் துறைமுகத்தில் கப்பலின் அடியைச் சுரண்டும் வேலைக்குப் போனவன் நீ. முங்குகிறவர்கள் கட்டும் வாட்ச் ஒன்றை நடைபாதைக் கடையில் மலிவாக வாங்கிக்கொண்டு திரும்பினாய். தண்ணீருக்குள் இறங்கிய நேரத்தை அடையாளம் வைக்க, கண்ணாடியைச் சுற்றி, புள்ளி வைத்த ஒரு திருகு வளையம். ஊரில் பாதாளக்கரண்டிக்குச் சிக்காத குடத்தை எடுக்கக் கிணற்றில் குதிக்கும்போதும் அதைத் திருகிவிட்டுத்தான் குதிப்பாய். அரை நிமிஷ முங்கலுக்கு இந்தப் பவுசா என்று கேலி செய்வேன்.

"தொழிலுண்ணா அதுக்கொரு முறை உண்டுலே" என்பாய்.

எல்லைப் போராட்ட வருஷங்கள். நம் ஊர்களையும் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி பனச்சமூட்டில் ஊர்வலம். நீ கொடி பிடித்தாய். எனக்குச் சர்க்கார் வாத்தியார் வேலைக்கு உத்தரவு வந்து பத்து நாள்தான். கடை வராந்தாவில் ஒதுங்கி நின்றேன். நீ வந்து வாட்சைக் கழற்றி என் கையில் கட்டி, அப்போதைய மணி நாலுக்கு நேராக வளையத்தின் புள்ளியைத் திருகி வைத்தாய்.

"தண்ணி தாங்கும் மக்கா, லாத்தி தாங்காது. ஒரு மணிக்கூறுல வாறேன்."

சொன்னபடி வந்தாய், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில், வலது கை தொங்க. ஒருவன் என் முன் நின்றான்.

"இவனெ அறியுமோ?"

"அறியில்ல சாரே."

அவன் பார்வை என் மணிக்கட்டுக்குப் போனது. "வாச்சு ஆருடேதா?"

"என்டேதா."

உன்னைத் தெரியாது, வாட்ச் என்னுடையது. இரண்டு பொய்க்கும் சேர்த்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாய்.

அப்புறம் எல்லையைப் போட்டார்கள், நம் ஊரைத் தமிழ்நாட்டில் சேர்க்காமல் இந்தப் பக்கமே விட்டுவிட்டு. உனக்கு மிஞ்சியது கோணிப்போன கை. கிணற்றில் இறங்க யாரும் உன்னைக் கூப்பிடவில்லை. நான் வாத்தியாராகவே இருந்து பென்ஷனும் வாங்கினேன். வாட்சைத் திருப்பித்தர எத்தனையோ தடவை வந்தேன். நான் வாயைத் திறக்குமுன் நீ கேட்பாய்: "உனக்க வாட்சுல மணி என்னலே?" கடைசிவரை அதே கேள்வி. பாவி, ஒரு நாளாவது என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாம்.

நேற்று காட்டாக்கடைக்குப் போய் உன் மகளிடம் வாட்சை நீட்டினேன்.

"உனக்க அப்பாக்க வாட்சாக்கும் மக்கா."

அவள் தொடவில்லை.

"இல்ல மாமா, அது உங்களுக்க வாட்சுண்ணு சொல்லீட்டுல்லா அப்பா போனாரு. கொண்டு தந்தா வாங்கப்பிடாதுண்ணும் சொன்னாரு."

மறுபடியும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பட்டை, கண்ணாடி எல்லாம் மாற்றியிருக்கிறேன், வளையத்தில் மட்டும் கை வைத்ததில்லை. அது நாலு மணியிலேயே நிற்கிறது. பக்கத்திலிருந்தவர் மணி என்ன என்று கேட்டார். சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு, வாட்ச் ஓடவில்லை என்றேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.